‘அது குளிசை இல்லைப் பிள்ளை, விற்றமின்தானே!’ – தைரொயிட் மருந்தும் நரம்புக்கான சத்துக்குளிசைகளும்

(கல்லூரியின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பழைய மாணவிகள் சங்கம் பிரதான மண்டபத்தில் நடத்திய சுகாதாரக் கருத்தமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஏறினால் எங்கள் வகுப்பினருக்கு இன்னமும் கொஞ்சம் கால் நடுங்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துவிட்டு, காலைப் பிரார்த்தனைக்கு இதே மண்டபத்தில் வரிசையாக நின்றவர்கள் நாங்கள். இன்று கால்களைப் பற்றியே பேசும்படி சங்கம் கேட்டிருக்கிறது. காரணம் இருக்கிறது. கிளினிக்கிலும் கலியாண வீடுகளிலும் நமது அக்காமார் எங்களை மறித்து நிறுத்திக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “கால் விறைக்குது, எரியுது. தைரொயிட்டுக்கும் மருந்து எடுக்கிறன். மகள் அனுப்பின நரம்புக் குளிசையைப் போடலாமோ?” நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே இன்று இருந்து பேசுவோம்.

நமது கல்லூரி தொடங்கிய காலத்தை முதலில் நினைத்துக்கொள்வோம். 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் மைனொற், மேர்பி என்னும் இரு வைத்தியர்கள், அதுவரை உயிரைக் குடித்துக்கொண்டிருந்த ஒருவகை இரத்தசோகையை, நோயாளிகளுக்குத் தினமும் ஈரலை உண்ணக் கொடுத்து மாற்றலாம் என்று காட்டினார்கள். அந்த ஈரலுக்குள் இருந்தது என்ன என்பது 1948இல்தான் தெரியவந்தது. அதுதான் விற்றமின் பி12. அதன் மூலக்கூற்று அமைப்பை 1956இல் வெளிப்படுத்தியவர் டொரதி ஹொட்ஜ்கின் என்னும் பெண்மணி. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய கைகளோடு ஆய்வுகூடத்தில் உழைத்து, 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். 1927இல், தைரொயிட் சுரப்பி சுரக்கும் தைரொக்சினை ஆய்வுகூடத்தில் செயற்கையாக உருவாக்கும் வழியைப் பிரித்தானியாவில் ஹரிங்ரனும் பாஜரும் கண்டார்கள். ஆக, இன்று பேசப்போகும் மருந்துகளின் வயதும் நமது கல்லூரியின் வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் எத்தனையோ பேரை வாழவைத்திருக்கின்றன. இரண்டையும் அறிந்து பயன்படுத்த வேண்டும்.

இனி ஒரு கதை. கற்பனை அல்ல. எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியை ஒருவரின் கதை. பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்ல அனுமதி தந்தவர் அவரேதான். “சொல்லுங்கோ பிள்ளை, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்” என்றார்.

ரீச்சருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பதினைந்து வருடங்களுக்கு மேலாகத் தைரொக்சின் 100 மைக்ரோகிராம் எடுக்கிறார். நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல். பிறந்தது தொட்டுச் சைவ உணவு. முட்டையும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் கால்விரல்களில் எறும்பு ஊருவது போலத் தொடங்கியது. அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை. தொலைபேசியில் மகளிடம் சொன்னார். மகளும் நமது பழைய மாணவிதான்; வெளிநாட்டில் இருக்கிறார். தாய் மேல் உயிர். உடனே ஒரு பார்சல் வந்தது. நரம்புக்கு ஒரு போத்தல், எலும்புக்குக் கல்சியம், களைப்புக்கு இரும்புச்சத்து.

மறந்துபோகக் கூடாது என்பதற்காக ரீச்சர் எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்தார். விடியக்காலை தைரொக்சினோடு சேர்த்து, பால் தேநீரோடு, ஒரே விழுங்காக.

அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச் கூடியிருந்தது. தைரொக்சின் போதாவிட்டால் கூடுகிற அளவு அது. “குளிசை ஒழுங்காய்ப் போடுறீங்களோ ரீச்சர்?” என்று கேட்டோம். “ஒருநாளும் விட்டதில்லைப் பிள்ளை” என்றார். உண்மையைத்தான் சொன்னார். நாங்கள் அளவை 125 ஆக்கினோம். பிறகு 150 ஆக்கினோம். இதற்கிடையில் தலைமயிர் கொட்டுகிறதென்று இன்னொரு பார்சல். மயிருக்கும் நகத்துக்குமான பயோற்றின் குளிசை. அடுத்த பரிசோதனையில் எல்லாம் தலைகீழ். ரி.எஸ்.எச் அடிமட்டத்தில், தைரொக்சின் அளவு உச்சத்தில். “மருந்து கூடிப்போச்சு” என்று பயந்து ஒரேயடியாக 75க்குக் குறைத்தோம்.

அந்த வருடம் கோயில் திருவிழாவில், மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சுடுமணலில் வீதி சுற்றியிருக்கிறார் ரீச்சர். மற்றவர்கள் நிழலுக்கு ஓடினார்கள். அவருக்குச் சுடவில்லை. இரவு கால் கழுவும்போது தங்கைதான் கண்டார்: இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஒன்று உடைந்து புண்ணாகியிருந்தது.

அன்று எங்கள் முன்னால் இருந்தவர் பரிசோதனைத் தாள் சொன்ன ஆள் அல்லர். தாளின்படி உடலில் தைரொக்சின் கூட; நெஞ்சு படபடக்க வேண்டும், வியர்க்க வேண்டும். ரீச்சரோ அந்த வெயில் நாளிலும் சால்வை போர்த்திருந்தார். நாடி மெதுவாக அடித்தது. மலச்சிக்கல், களைப்பு. குரலும் கம்மியிருந்தது. 

“வேற ஏதாவது குளிசை போடுறீங்களோ ரீச்சர்?”

“வேற ஒண்டும் இல்லைப் பிள்ளை.”

பக்கத்தில் நின்ற தங்கை மெல்ல, “அக்கா, அந்தப் பார்சல் சாமான்?” என்றார்.

“அது குளிசை இல்லைப் பிள்ளை, விற்றமின்தானே!”

மறுநாள் ஒரு சொப்பிங் பை வந்தது. உள்ளே நான்கு போத்தல்கள்.

ரீச்சர் வகுப்பில் அடிக்கடி சொல்லும் ஒன்று எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. நாங்கள் செய்தது அதுதான். ரி.எஸ்.எச் என்ற விடையைப் பார்த்து மூன்று முறை மருந்தை மாற்றினோம். அந்த விடை எந்த வழியால் வந்தது என்று ஒரு முறையும் கேட்கவில்லை. பிழை எங்களுடையது. அதனால்தான் இந்தக் கதையை இங்கே சொல்கிறோம்.

இனி அந்த வழியை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

மூளையும் முண்ணாணும் தவிர்ந்த, கைகால்களுக்குப் போகும் நரம்புகளைச் சுற்றயல் நரம்புகள் என்று உயிரியல் வகுப்பில் படித்தோம். அவை பழுதுபடும்போது பெரும்பாலும் நீளமான நரம்புகளின் நுனிகளே முதலில் பாதிக்கப்படும். அதனால் தொடங்குவது கால்விரலில். விறைப்பு, எரிவு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற தன்மை. பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறும். காலுறை போட்ட இடம் முழுக்க விறைக்கும். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் மேசையில் தட்டி விளையாடினோமே இசைக்கவை, அதைத்தான் வைத்தியர் உங்கள் பெருவிரலில் வைத்து “அதிருதா?” என்று கேட்பார். ஒரு நைலோன் நூலால் உள்ளங்காலைத் தொட்டும் பார்ப்பார். ஐந்து நிமிட வேலை. வலியில்லை.

கால் விறைப்பு ஓர் அறிகுறி. நோயின் பெயர் அல்ல. அதன் பின்னால் இருக்கும் காரணங்களில் முதலிடம் நீரிழிவுக்கு. அடுத்து பி12 குறைபாடு. தைரொக்சின் போதாமையும் நரம்பைப் பாதிக்கும்; மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டு இரவில் கைவிரல் விறைப்பதும் அதனால் வரலாம். மதுபானம், சிறுநீரக நோய், சில மருந்துகள், பரம்பரை என்று பட்டியல் நீளும். காரணம் தெரியாமல் ‘நரம்புக்குச் சத்து’ என்று விழுங்குவது, கேள்வியை வாசிக்காமல் விடை எழுதுவது போன்றது.

சத்துக்கும் நரம்புக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அதற்குச் சாட்சி நமது நாட்டிலேயே உண்டு. ‘பெரிபெரி’ என்னும் நோயின் பெயர், ‘இயலாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. தீட்டிய வெள்ளை அரிசியையே உண்டு, விற்றமின் பி1 இல்லாமல் கால் இழுத்துப்போனவர்களின் நோய் அது. ஜாவாவில் பணியாற்றிய ஒல்லாந்து வைத்தியர் எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளும் அப்படியே கால் சோர்ந்து விழுவதைக் கண்டு வழிகாட்டினார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த சத்துத் திரும்பியதும் கோழி எழுந்து நடந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சத்துக் குறைந்த கோழிதான் சத்தால் எழுந்தது. குறை இல்லாதவருக்கு மேலும் மேலும் ஊற்றினால் நரம்பு இரட்டிப்பாக வளர்ந்துவிடாது. சில சத்துகள் மிஞ்சினால் நரம்பையே கெடுக்கும்.

இப்போது ரீச்சரின் சொப்பிங் பையைத் திறப்போம்.

முதலாவது போத்தல் கல்சியம், இரண்டாவது இரும்பு. இரண்டும் நல்ல சத்துகள்தான். ஆனால் குடலுக்குள் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; இரத்தத்துக்குள் போக விடாது. ரீச்சர் 100 விழுங்கினார், உடலுக்குப் போனது அதில் ஒரு பகுதிதான். அதனால்தான் ரி.எஸ்.எச் கூடியது. இதற்குத் தீர்வு தைரொக்சினைக் கூட்டுவதல்ல, நேரத்தைப் பிரிப்பது. தைரொக்சினுக்கும் கல்சியம், இரும்பு ஆகியவற்றுக்கும் இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும். கல்சியமோ இரும்போ சேர்ந்த பல்சத்துக் குளிசைகளுக்கும், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அமிலநீக்கி மருந்துகளுக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, நரம்புப் போத்தல். அதில் இருந்தது பி1, பி6. தேவைப்பட்ட பி12 அதில் இல்லவே இல்லை. ஒரு குளிசையில் பி6 100 மில்லிகிராம். ரீச்சர் நாளுக்கு இரண்டு எடுத்தார், 200 மில்லிகிராம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்ணின் நாளாந்தத் தேவை 1.5 மில்லிகிராம். கணித ஆசிரியைக்கு நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “நூற்று முப்பது மடங்குக்கு மேலே பிள்ளை” என்று அவரே சொன்னார். 1983இல் அமெரிக்க வைத்தியர்கள், நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்த ஏழு பேருக்கு உணர்வு நரம்புகள் கெட்டு, தடுமாறாமல் நடக்கவே முடியாமற் போனதை அறிவித்தார்கள். அதன் பின்னர் மிகக் குறைந்த அளவிலும், நீண்டகாலம் எடுத்த சிலருக்கு இந்தப் பாதிப்பு வந்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023இல், வளர்ந்தவர் ஒருவர் எல்லா வழிகளாலும் ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்ச அளவு 12 மில்லிகிராம் என்று நிர்ணயித்தது. கால் விறைப்புக்கென்று எடுக்கும் குளிசையே கால் விறைப்பைத் தரலாம். கொடுமை என்னவென்றால், விறைப்புக் கூடக் கூட நாம் குளிசையையும் கூட்டுவோம்.

வைத்தியர் காரணத்தோடு பி6 எழுதித் தருவதும் உண்டு. உதாரணமாக, காசநோய்க்கான ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்கு அது நரம்பைக் காக்கக் கொடுக்கப்படுகிறது. அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கடையில் நாமாக வாங்கி, முடிவுத் திகதி இல்லாமல் எடுத்துக்கொண்டே இருப்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

நான்காவது, பயோற்றின். ஒரு குளிசையில் 10,000 மைக்ரோகிராம். நாளாந்தத் தேவை ஏறத்தாழ 30. பயோற்றின் தைரொயிட் சுரப்பியை ஒன்றும் செய்யாது. அது கெடுப்பது பரிசோதனையை. சில ஆய்வுகூட முறைகளில், சோதனைப் பொருள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கப் பயோற்றினையே பசைபோலப் பயன்படுத்துகிறார்கள். நமது இரத்தத்தில் அது ஏற்கனவே நிறைந்திருந்தால் கணக்குப் பிழைக்கும், ரி.எஸ்.எச் குறைவாகவும் தைரொக்சின் கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை ஒன்றும் இப்படிப் பிழைக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017இல் எச்சரித்தது. தைரொயிட் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னராவது பயோற்றினை நிறுத்த வேண்டும். எடுப்பதாக வைத்தியருக்கும் ஆய்வுகூடத்துக்கும் சொல்லவும் வேண்டும். மிகக் கூடிய அளவில் எடுப்பவர்கள் எத்தனை நாள் முந்தி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, பையில் இல்லாத ஐந்தாவது போத்தல். பி12. அது இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குணவுகளில்தான். மெற்போமின் அதை உறிஞ்சுவதைக் குறைக்கும். ஒமிப்பிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகளை நெடுங்காலம் எடுத்தாலும் குறையும். ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. தெரியவரும்போது நரம்பு நெடுநாளாகப் பட்டினி கிடந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி தைரொயிட் சுரப்பியைத் தாக்குவதால் தைரொக்சின் குறைந்தவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு அதே எதிர்ப்புச் சக்தி இரைப்பையையும் தாக்கி, பி12ஐ உறிஞ்ச விடாமல் செய்யும். 1926இல் ஈரல் கொடுத்து மாற்றினார்களே, அந்த இரத்தசோகை இதுதான். ஆகவே தைரொயிட் மருந்து எடுப்பவருக்குக் கால் விறைத்தால் பி12ஐப் பார்க்காமல் விடக் கூடாது. மெற்போமின் எடுப்பவர்களுக்குப் பி12 குறைவது அரிதல்ல, அறிகுறி இருந்தால் பரிசோதியுங்கள் என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனமும் 2022இல் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பி12 குறைந்திருக்கும்போது போலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் இரத்தசோகை மாறும். நரம்பு தொடர்ந்து கெடும். அதனால் களைப்பு என்றவுடன் நாமாகப் போலிக் அமிலம் வாங்குவதும் நல்லதல்ல.

ரீச்சருக்குப் பி12 மிகக் குறைவாக இருந்தது. ஊசி தொடங்கினோம். பி6ஐயும் பயோற்றினையும் நிறுத்தினோம். இரும்பின் அளவு போதுமாக இருந்ததால் அதுவும் நின்றது. பயோற்றின் நீங்கிய பிறகு எடுத்த பரிசோதனை, அவரது முகம் சொன்னதையே சொன்னது: தைரொக்சின் போதாது. பழைய 100ஐயே, வெறும் தண்ணீரோடு, தனியாக எடுக்கச் சொன்னோம். எட்டு வாரத்தில் ரி.எஸ்.எச் சரியான அளவுக்கு வந்தது. அதாவது, நாங்கள் கூட்டியதும் தேவையில்லை, குறைத்ததும் தேவையில்லை.

கால் அவ்வளவு விரைவில் ஆறவில்லை. பி6 நிறுத்திய முதல் சில வாரங்களில் எரிவு கூடியது. அப்படி நடப்பதுண்டு. பின்னர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது. இப்போது இரவில் நித்திரை கொள்கிறார். ஆனால் விரல் நுனிகளின் விறைப்பு அப்படியே இருக்கிறது. அது முழுக்க மாறும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. நரம்பு ஒரு நாளில் ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். நெடுங்காலம் கெட்டது முழுவதும் திரும்புவதில்லை. அவர் முதல் எறும்பு ஊர்ந்த நாளிலேயே எங்களிடம் சொல்லியிருந்தால், முதற் பரிசோதனையிலேயே நாங்கள் அந்தப் பையைக் கேட்டிருந்தால், அந்த இரண்டு வருடங்கள் மிஞ்சியிருக்கும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

தைரொக்சினுக்கு ஒரு தனி நேரம் கொடுங்கள். விடிய எழும்பியதும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. தேநீர், கோப்பி, பால், காலைச் சாப்பாடு எல்லாம் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் கழித்து. எழும்பியதும் பால் தேநீர் இல்லாமல் முடியாது என்பவர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணித்தியாலத்தின் பின் படுக்கப்போகும்போது எடுக்கலாம். ஏதாவது ஒன்றைத் தீர்மானித்து அதையே கடைப்பிடியுங்கள். விரத நாளென்று விடத் தேவையில்லை, தண்ணீரோடு எடுக்கலாம். மருந்தின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபடி பரிசோதிக்க வேண்டும். தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் அளவில் எடுக்கும். ஆகவே இரண்டாம் வாரத்தில் பார்த்துப் பயனில்லை.

கர்ப்பமாக இருக்கும் தங்கைமாருக்குத் தனியாக ஒரு சொல். கர்ப்பவதிகள் கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் தருவார்கள். இரண்டையும் கட்டாயம் எடுங்கள்; ஆனால் தைரொக்சினிலிருந்து நான்கு மணித்தியாலம் தள்ளி, இரண்டையும் ஒன்றாகவும் போடாமல். கர்ப்ப காலத்தில் தைரொக்சின் தேவை கூடும். குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் தைரொக்சினில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே வைத்தியரைச் சந்தியுங்கள். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம்.

கேட்கப்படும் வேறு சில கேள்விகளுக்கும் சுருக்கமாகப் பதில். கோவாவும் மரவள்ளியும் சாப்பிடலாமா? சமைத்து, அளவோடு சாப்பிடலாம். கடற்பாசிக் குளிசை? வேண்டாம். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. அதற்கு மேல் அள்ளிப் போட்டால் தைரொயிட் குழம்பும். செலினியம்? மிஞ்சினால் மயிரும் கொட்டும், நகமும் உடையும், நரம்பும் கெடும். அல்பா லிப்போயிக் அமிலம்? நீரிழிவு நரம்பு நோய்க்கு ஜேர்மனியில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. சிலருக்கு எரிவு குறைகிறது, ஆனால் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. நீரிழிவு மருந்து எடுப்பவர் கேட்காமல் தொடங்கக் கூடாது. அப்படியானால் எரிவுக்கு ஒன்றும் இல்லையா? உண்டு. நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன, வைத்தியர் தருவார். எல்லாவற்றுக்கும் முதல் மருந்து சீனியின் அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது.

காலைத் தினமும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுடுநீரைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். கோயிலுக்கு விடியவோ பின்னேரமோ போங்கள். கடவுள் வெயிலில் நடக்கச் சொல்லிக் கேட்கவில்லை. விறைப்பு ஓரிரு நாளிலேயே வேகமாக மேலேறினால், கால் பலமிழந்தால், சலம் மலம் கட்டுப்படாவிட்டால், ஒரு பக்கம் மட்டும் திடீரென விறைத்தால், காலில் புண் வந்தால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கடைசியாக, லண்டனிலும் ரொறொன்ரோவிலும் மெல்போர்னிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் நமது பழைய மாணவிகளுக்கு. நீங்கள் அனுப்பும் பார்சலின் ஒவ்வொரு போத்தலிலும் இருப்பது அன்புதான். தூரத்தில் இருந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட முடியாத மனம்தான் அதை வாங்கி அனுப்புகிறது. எங்களுக்கு அது தெரியும். அனுப்புவதற்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள். போத்தலின் பின்பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து, அம்மாவைப் பார்க்கும் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். “இதையும் டொக்டரிட்டைக் காட்டுங்கோ அம்மா” என்ற ஒரு வசனம் அந்தப் பார்சலோடு வரட்டும். இங்கே இருப்பவர்கள், கிளினிக்குக்கு வரும்போது வீட்டில் உள்ள எல்லாப் போத்தல்களையும் சொப்பிங் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஆயுர்வேதக் குளிகையும் வரட்டும், மாப்போத்தலும் வரட்டும். நாங்கள் ஏசமாட்டோம். ஏச எங்களுக்கு உரிமையும் இல்லை. கேட்க மறந்தவர்கள் நாங்கள்.

ரீச்சர் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? தனது மருந்துகளுக்கு ஒரு நேரசூசி போட்டிருக்கிறார். பழைய வகுப்பு நேரசூசி போலவே, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி. முதலாம் பாடம், விடிய ஐந்தரை மணி, தைரொக்சின், தண்ணீர். அடுத்த கட்டம் வெறுமை. பிறகு காலைச் சாப்பாட்டோடு மெற்போமின். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கல்சியம். கீழே சிவப்பு மையில் ஊசித் திகதிகள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் அந்தத் தாளோடுதான் வருகிறார். போன முறை அதைப் பார்த்துவிட்டு, “வழியும் இருக்கு, விடையும் இருக்கு ரீச்சர்” என்றோம். கண்ணாடியை மூக்கில் இறக்கி எங்களைப் பார்த்தார். “அப்ப முழுப் புள்ளியும் போடுங்கோ பிள்ளை” என்றார்.

இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். மெத்தென்ற செருப்போடு.